பத்தாம் பாட்டுக்கு மூன்று வரி

ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட்டைப் பதிவு செய்கிற அவரை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருந்தது. ஒரு கூட்டமே வயலின் வாசிக்கும்போது, பின்வரிசையில் ஒருத்தருக்குத் தந்தி தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். “காதுக்கு எல்லாம் கேட்கும், வீட்டுக்காரம்மா பேச்சு மட்டும் கேட்காது” என்று இசையமைப்பாளர் மாஸ்டர் கேலி செய்வார். காதும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவருக்கு அவள் ‘டீச்சர்’தான். கல்யாணமான புதிதில் கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே டீச்சருக்குச் சர்க்கரை நோய். உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. ஊசி போட்டால்தான் உயிர். சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஒரு குத்து, மறுகையால் தட்டை இழுத்துக்கொள்வாள். பேச்சுகூட நடுவில் நிற்காது. காதுக்கு அது பழகிப்போய், கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

பாட்டு வர ஆரம்பித்தது சில வருஷத்துக்கு முன்னால். அதுவரைக்கும் அவள் ஒரு வரி எழுதியவள் இல்லை. கோயில் குளம் என்று அலைந்தவளும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பது போல மெதுவாகச் சொன்னாள்:

“கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன், கழித்துக் கழித்துப் பார்த்தேன்,
என்னையும் நான் கழித்த பின்னே எஞ்சியது நீயா?”

“யாரைச் சொல்றே?” என்றார் காது.

“தெரியல. வந்துச்சு.”

பிறகு அடிக்கடி வந்தது. எல்லாப் பாட்டும் ஒருத்தனைப் பார்த்துத்தான். எந்தச் சாமி என்று கேட்டால், “பேர் சொல்லி யாரும் அறிமுகம் பண்ணி வைக்கலையே” என்பாள். கட்டின புருஷனுக்கு ‘நீங்க’. கண்ணில் படாத அவனுக்கு ‘நீ’, ‘வாடா’, ‘எங்கடா போனே’. காது அந்தப் பாட்டுகளைத் தன் கூடத்தில் பதிவு செய்தார். ஹெட்போனுக்குள் அவள் குரல் அத்தனை பக்கத்தில் வந்து உட்காரும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலில் அவள் தன்னைக் கூப்பிட்டதில்லை என்பது முதல் நாளே அவருக்கு உறைத்தது. சாமியைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்று சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். வாயைத் திறக்காமல் ஒலியளவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் ஒருநாள் அந்தப் பாட்டுகளைக் கேட்டார். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “இதைப் பத்துப் பாட்டா பண்ணுவோம் டீச்சரம்மா” என்றார். ஒரு பெண் அவனைப் பற்றிக் கேள்விப்படுகிறாள், ஏங்குகிறாள், சண்டை போடுகிறாள், மெலிகிறாள், பத்தாவது பாட்டில் அவன் வருகிறான். இதுதான் திட்டம். எட்டுப் பாட்டு சிரமமில்லாமல் வந்தது. ஒன்பதாவது, தாகத்தைப் பற்றிய பாட்டு, ஒரே மூச்சில் முழுசாக விழுந்தது.

“குடம்குடமாய்க் குடித்தாலும் குறையாத தாகம் தந்தாய்,
இடம்வலமாய்த் தேடுகின்றேன், எங்கடா உன் ஊற்று?
உடம்பெல்லாம் நாவாகி உலர்ந்துபோய்க் கிடக்கின்றேன்,
கடல்கொண்டு வந்தென்ன, கையள்ளும் நீயின்றி?”

அதைப் பாடி முடித்தபோது மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். காது மட்டும், அவள் பக்கத்துச் சின்ன மேஜையில் வைத்திருந்த பெரிய தண்ணீர் பாட்டில் காலியாகிக் கிடந்ததைக் கவனித்தார். கவனித்ததோடு சரி. பதிவு நடக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், அதன் இரைச்சல் ஒலிவாங்கியில் ஏறிவிடும். புழுக்கத்தில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாவது பாட்டு வரவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை. டீச்சர் மெலிந்துகொண்டே போனாள். ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக, உள்ளே விளக்கு வைத்தது போல மின்னியது. “முகத்துல என்ன தேஜஸ் பாருங்க” என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டு இளைத்தீர்கள் என்று கேட்டு மற்ற டீச்சர்கள் நச்சரித்தார்கள். காதுக்கு மனசுக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் சொன்னாள்: “இன்னிக்கு வரும். மாஸ்டரை வரச் சொல்லுங்க.”

“எழுதிட்டியா?”

“இல்லை. அங்க போய் நின்னா வரும்.”

அவள் குளிக்கப் போயிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. டீச்சரின் கூடப்பிறந்த அக்கா, மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தங்கைக்கு இன்சுலின் எப்போதும் அவள் கடையிலிருந்துதான் போகும்.

“தம்பி, அவ மருந்து வேற எங்கயாவது வாங்குறாளா?”

“இல்லையேக்கா. ஏன்?”

“வர வேண்டிய நாள் தாண்டிப் போச்சு, இன்னும் வரலை. கேட்டா மிச்சம் இருக்குங்கறா. ஒழுங்கா போட்டா எப்படி மிச்சம் இருக்கும்? நீங்க கொஞ்சம் பாருங்க.”

காது குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். கதவுத் தட்டில் இன்சுலின் பெட்டிகள் இருந்தன. இருந்ததே நல்லது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான், இவ்வளவு ஏன் இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா போன் பண்ணாங்க. ஊசி போடுறியா, இல்லையா?”

“போடாம இருந்தா இப்படி உங்க முன்னாடி நிப்பேனா?” அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. “நேரமாச்சு, கிளம்புங்க.”

கணக்கு டீச்சர் கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தந்திருக்கிறாள் என்பது கார் பாதி தூரம் போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் இரண்டு தடவை காரை நிறுத்தச் சொல்லித் தண்ணீர் வாங்கினாள். கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழிவறைக்குப் போனாள். வெளியே வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனாள்.

“டீச்சர், இன்னிக்கு வேண்டாம். இன்னொரு நாள் வச்சுக்கலாம்” என்றார் காது, நடைவழியில் அவள் கையைப் பிடித்து.

கையை உருவிக்கொண்டாள். “இன்னொரு நாள் அவன் வரமாட்டான்.”

“யாரு?”

அவள் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கனமான கதவு, காற்றை உறிஞ்சுவது போலச் சத்தம் போட்டு மூடியது. இனி அவளிடமிருந்து எது வந்தாலும் கம்பி வழியாகத்தான் வர வேண்டும்.

மாஸ்டர் ஏற்கனவே தம்புரா ஸ்ருதியை ஓட விட்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. காது ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் வெறும் ஸ்ருதி. அப்புறம் அவள் மூச்சு.

அந்த மூச்சு அவருக்குத் தெரியும். பாடுவதற்கு முன்னால் மூக்கால் சின்னதாக ஒன்று இழுத்து, வயிற்றில் நிறுத்திக்கொள்வாள். எத்தனையோ பாட்டில் அந்தச் சத்தத்தை அவர் வெட்டி எடுத்திருக்கிறார். இன்றைக்குக் கேட்டது வேறு. வாயால் இழுத்த மூச்சு. ஆழமாக, வேகமாக, ஓடி வந்து நின்றவர் இழுப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல். அவளோ அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“மாஸ்டர், மூச்சு சரியில்ல.”

“உணர்ச்சிப்பா அது. கையை வைக்காதே.”

டீச்சர் பாட ஆரம்பித்தாள்.

“வாசலிலே நிற்கின்றாய், வாவென்று சொல்ல நாவில்லை…”

இப்படி ஒரு குரலை அந்த அறை கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. மெல்லிசாக, உலர்ந்து, எரிகிற திரி மாதிரி நடுங்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஸ்ருதியில் மயிரிழை பிசகவில்லை. மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“பூசிவந்த உடம்பிதனைப் புழுதியெனத் தட்டிவிட்டேன்…”

இரண்டாவது வரிக்குப் பிறகு அவள் குனிந்து பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். தண்ணீர் முகவாயில் வழிந்து புடவையை நனைத்தது. பாட்டிலை வைக்கும்போது கை மேஜையைத் தேடித் தடவியது, பார்வை தெரியாதவர் தடவுவது போல. மூச்சு இன்னும் வேகமானது. ஹெட்போனுக்குள் அது துருத்தி மாதிரி ஊதி ஊதி அடங்கியது. காது எழுந்தார். மாஸ்டர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“இன்னும் ரெண்டு வரிதான். கெடுத்துடாதே. இது வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும்.”

காது உட்கார்ந்தார். பின்னாட்களில் அந்த உட்கார்ந்ததை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு பதறும். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கேட்க ஆசைப்பட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வரி வந்தது.

“ஊசிமுனை இடமுமில்லை உனக்கும் எனக்கும் நடுவே…”

மாஸ்டர் “ஆஹா” என்று நெஞ்சில் கை வைத்தார். காதுக்கு அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. ஊசி. தட்டு நிறைய மிச்சமிருந்த மருந்து, வெடித்த உதடு, தொளதொளத்த ரவிக்கை, காலையில் அவள் சிரித்த சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணெதிரே வந்து நின்றன. இவள் கவிதை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நான்காவது வரிக்காகக் காத்திருந்தாள். முகத்தில் ஒரு புன்னகை. யாரோ உள்ளே வருவதற்கு வழிவிடுவது போல உடம்பு லேசாகப் பின்னால் சாய்ந்தது.

காது பதிவை நிறுத்தினார். ஸ்ருதி அறுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

“பாவி!” என்று கத்தினார் மாஸ்டர்.

காது கதவை இழுத்துத் திறந்தார். குப்பென்று ஒரு வாசனை அடித்தது. கூடையோடு பழம் கனிந்து அழுகத் தொடங்கினால் வருமே, அந்த இனிப்பு வாடை. அந்த அறையில் பழம் எதுவும் கிடையாது. வாடை அவள் மூச்சிலிருந்து வந்தது.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். யார் என்று அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. தெரிந்ததும் அந்த முகத்தில் வந்த ஏமாற்றத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

“நீங்களா?” என்றாள்.

அப்புறம் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

மாஸ்டருக்கு அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆள் நல்லவர். ஓடி வந்து அவள் காலைத் தூக்கிக்கொண்டார். இருவருமாகக் கீழே கொண்டுவந்து காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். மாஸ்டர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். காது ஓட்டினார். சனிக்கிழமை மத்தியானம், சாலை முழுக்க வண்டி. ஒவ்வொரு சிக்னலும் அவருக்கென்றே சிவப்பாக விழுந்தது. அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மூச்சு எப்படி இருக்கு?” அக்காவின் குரலில் அழுகையோ பதற்றமோ இல்லை, கத்தி மாதிரி இருந்தது.

“வேகமா. ஆழமா. வாயில பழ வாடை அடிக்குது.”

“ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சு. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. போனதும் சர்க்கரைக்காரி, ஊசி போடலைன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. தூங்க விடாதீங்க. பேச வச்சுக்கிட்டே இருங்க.”

“டீச்சர்! டீச்சர்! என்னைப் பாரு. ஏழு எட்டு எவ்வளவு?”

பின்சீட்டிலிருந்து பதில் வரவில்லை. மாஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டினார். “அம்மா, சொல்லுங்கம்மா. ஏழு எட்டு?”

“ஐம்பத்தாறு,” என்றாள் அவள், எரிச்சலாக. அந்த எரிச்சல் காதுக்குத் தேவாமிர்தமாக இருந்தது. வழியெல்லாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே ஓட்டினார். பதில் வர வர நேரம் கூடியது. குரல் தேய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கடைசியாகக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். டீச்சரின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டாள்: “எப்பலேர்ந்து இன்சுலின் போடலை?”

காதுக்குத் தெரியவில்லை. கட்டின மனைவி எப்போதிலிருந்து சாகத் துணிந்தாள் என்று தெரியாமல் ஒரு மனுஷன் அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வாந்தி. பின்னாலிருந்து அக்காதான் பதில் சொன்னாள். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். “ரொம்ப நாளா குறைச்சுக்கிட்டே வந்திருக்கா டாக்டர். இப்போ சுத்தமா நிறுத்தியிருப்பா.”

உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. இருட்டுகிறவரைக்கும் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. மாஸ்டர் மூலையில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் யாரை வேண்டுகிறார் என்று காதுக்குத் தெரியும். அதே ஆளிடம் தானும் வேண்டுவதா, சண்டைக்குப் போவதா என்று அவருக்குப் புரியவில்லை. “வந்தா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு உன் சாமியைன்னு போன மாசம்தான் அவகிட்ட கிண்டல் பண்ணேன்,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கடைசியில் சின்ன டாக்டர் வெளியே வந்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். “பிழைச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்.”

மாஸ்டர் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு வரி பாடவிட்டிருந்தால் என்ற கணக்கு இரண்டு பேர் மனசிலும் ஓடியது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளை வார்டுக்கு மாற்றினார்கள். காது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் கண் விழித்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் நிறுத்தினீங்க?”

இதற்கு அவர் பல பதில் தயார் பண்ணி வைத்திருந்தார். சொன்னது வேறு. “மூச்சு சரியில்லைன்னு தோணுச்சு.”

“ஒரு வரி. ஒரே ஒரு வரி.”

“நீ ஏன் நிறுத்தினே? அதைச் சொல்லு முதல்ல.”

அவள் வகுப்பில் ஒரு கணக்கை விளக்குவது போல நிதானமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தேர்வு நாள் அவசரத்தில் ஒருநாள் ஊசியை மறந்துவிட்டாள். மத்தியானம் நாக்கு உலர்ந்து, தலை லேசாகி, கரும்பலகை தூரத்தில் போனது. அந்தத் தவிப்பில்தான் ஒன்பதாவது பாட்டு முழுசாக வந்து விழுந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள்.

“ஊசி போட்டா நான் நானாவே இருக்கேன். குறைச்சா நான் கரையறேன். நான் கரையற இடத்துல அவன் வர்றான். உங்களுக்குப் புரியாது.”

“புரியாதுதான்,” என்றார் காது. குரல் தன்னையறியாமல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். அவன் உள்ள வரணும்னா நீ செத்துத்தான் ஆகணும்னா, வாசல்ல வந்து நின்னவன் மாப்பிள்ளை இல்ல டீச்சர். எமன்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவரிடம் பேசவில்லை. அக்கா வந்து தங்கி, வேளாவேளைக்கு முன்னால் நின்று ஊசி போட வைத்தாள். உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வந்தது. கண்ணிலிருந்த அந்த விளக்கு அணைந்துபோனது. வீட்டுக்கு வந்தவர்கள் “பழையபடி ஆயிட்டீங்க” என்று சந்தோஷப்பட்டார்கள். பழையபடி ஆனவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததைக் காது மட்டும் கவனித்தார். புருஷனை இழந்தவள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இத்தனைக்கும் புருஷன் அதே அறையில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாஸ்டர் வந்தார். அவள் எதிரில் கைகட்டி நின்றார். “அன்னிக்கு நான்தான் இவரை உக்கார வச்சேன். என்னை மன்னிச்சிடுங்க டீச்சரம்மா.” சொல்லிவிட்டுத் தயங்கினார். “கேக்கக் கூடாதுதான். ஆனா கேக்காம இருக்க முடியல. அந்த மூணு வரி இருக்கு. அதை அப்படியே, முடிக்காமலே, கடைசியில வச்சா…”

“வெளிய போங்க மாஸ்டர்,” என்றார் காது.

“இருங்க,” என்றாள் டீச்சர். பல நாளுக்குப் பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “அது உங்ககிட்ட இருக்கா? அழிக்கலையா?”

காது எதையும் அழித்தவர் இல்லை. அழித்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை உட்கார்ந்தார், விரல் நகரவில்லை. “இருக்கு,” என்றார்.

“போடுங்க. கேக்கறேன்.”

மறுநாள் கூடத்துக்கே அழைத்துப் போனார். அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். கேட்கிறவளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி அந்தப் பழைய வெறி வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று கை பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றது. அவள் ஒருமுறை கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் வரி முடிந்து, அறுந்துபோன இடத்துக்குப் பிறகு வரும் மௌனத்தையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “நான் பாடினதுலயே இதுதான் நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

“ஆனா அந்த மூச்சு… நான் அவனுக்கு வழி விட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கேட்டா, தண்ணியில முழுகற ஒருத்தி மூச்சு மாதிரி இருக்கு. வந்தவன் அவன்தானான்னு எனக்கே தெரியல. தெரியாத ஒண்ணை அவன் பேருல நான் வெளிய விடமாட்டேன்.” மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். “ஒன்பதோட நிறுத்திக்கலாம். பத்தாவதைப் பாட வேண்டியவன் அவன். இஷ்டம் இருந்தா பாடட்டும்.”

ஒன்பது பாட்டுகளும் வெளிவந்தன. நன்றாகப் போயின. பத்தாவது எங்கே என்று கேட்டவர்களிடம் மாஸ்டர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். தாகப் பாட்டை யாராவது போனில் ஓட விட்டால் காது எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

டீச்சருக்குப் பாட்டு நின்றுபோயிற்று. ஊசி போடுவதை அவள் நிறுத்தவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே “போட்டாச்சு” என்பாள். ஆனால் ஒரு வரியும் வரவில்லை. மருந்து உள்ளே வந்தால் அவன் வெளியே போய்விடுவான் என்று அவள் பயந்தது நிஜமாகிவிட்டதோ என்று காதுக்குத் தோன்றும். ஒருநாள் அவளிடமே கேட்டார்: “என்மேல கோபமா?”

“உங்கமேல இல்லை,” என்றாள். “ஊசி போட்டுக்கிட்ட ஒருத்திகிட்ட வர முடியாதுன்னா அவன் என்ன பெரிய ஆளு? அதைத்தான் தினம் கேட்டுக்கிட்டிருக்கேன். பதில் இல்லை.”

பதிலில்லாமலே மழைக்காலம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் தேர்வு வந்தது, போனது. அவர் வேலைக்குப் போனார், வந்தார். பக்கத்தில் அவள் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மூக்கால் இழுத்து, நின்று, மெதுவாக வெளியே விடும் மூச்சு. சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அவள் பேனா போன்ற அந்த ஊசியை எடுத்து வயிற்றில் குத்தினாள். குத்திய கை அப்படியே நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. காதுக்கு உயிரே போய்விட்டது. நாற்காலி கவிழ எழுந்தார். “என்ன? என்ன பண்ணுது?”

“ஷ்!” என்றாள்.

அவர் நின்றபடியே காத்திருந்தார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எவ்வளவு காதைத் தீட்டியும் ஒரு சொல் பிடிபடவில்லை. முகம் பழையபடி மின்னவில்லை, சாதாரணமாக, கொஞ்சம் குழப்பமாக, ஒரு கணக்கில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தேடுகிற முகமாக இருந்தது. பிறகு ஊசியை மூடி வைத்தாள்.

“ஒண்ணு வந்துச்சு,” என்றாள். “சின்னதா. கோணலா. நல்லா இருக்கான்னுகூடத் தெரியல.”

“சொல்லு.”

“உங்ககிட்ட சொல்லமாட்டேன். இப்போதைக்கு.”

காது நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பொறாமையா இருக்கா?”

இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. “இருக்கு,” என்றார் அவர்.

“இருக்கட்டும்,” என்று சொல்லி, அவர் தட்டை இழுத்துச் சோற்றைப் போட்டாள்.